ராத்திரி கண் விழிக்கிறவருக்கு ஒரு கட்டளை

கேள்வி: ஈரோட்டில் நாங்கள் நாற்பது பேர், தைப்பூசத்துக்கு மாலை போட்டுப் பழனிக்கு நடக்கிற குழு. வழக்கமாக வழியில் ஒரு நாள் அன்னதானம் போடுவோம். இந்தத் தடவை எங்கள் ஊரிலேயே இருக்கும் வீடற்றோர் காப்பகத்துக்கும் பணம் திரட்டிக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். எதற்குக் கொடுப்பது, எப்படித் திரட்டுவது, பள்ளிவாசல், சர்ச் ஆட்களையும் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: தாராளமாகச் செய்யுங்கள். மாலை போட்டு நடக்கிறவர்கள் வந்து கேட்டால் இல்லை என்று சொல்லும் வாசல் கொங்கு நாட்டில் குறைவு. நான் கோவையில் இப்படியொரு காப்பகத்தின் கணக்கு வழக்கைப் பார்த்து வருகிறேன். அந்த நோட்டுப் புத்தகத்தின் பக்கம் இருந்து சொல்கிறேன்: சாப்பாட்டுக்காகத் திரட்டாதீர்கள். சோறு போட ஊரில் ஆள் இருக்கிறார்கள். ராத்திரி கண் விழித்துப் பார்த்துக்கொள்கிறவருக்குச் சம்பளம் கொடுக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை.

புரட்டாசியில் மகாளய அமாவாசை அன்று ஏதாவது ஒரு காப்பகத்துக்குப் போய்ப் பாருங்கள். காலை ஏழு மணிக்கே ஆட்டோவில் பொங்கலும் வடையும் வந்து இறங்கும். பத்து மணிக்கு அப்பாவின் திதி என்று ஒருவர் தக்காளி சாதம், தயிர் சாதம் கொண்டுவருவார். மத்தியானம் பாயசத்தோடு இலைச் சாப்பாடு. சாயங்காலம் வந்த புளிசாதம் அண்டாவோடு திறக்காமலே இருக்கும். கெடாமல் வைக்க வழி இருக்காது. இரண்டு நாள் கழித்துப் போனால் ரேஷன் அரிசிக் கஞ்சியும் ஊறுகாயும்தான் இருக்கும். கொடுத்தவர் மனசு கோணக்கூடாது என்று, பல்லில்லாத ஒரு பெரியவர் மெதுவடையைத் தம்ளர் தண்ணீரில் ஊறவைத்து விண்டு விண்டு தின்றதைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு அன்று வேண்டியிருந்தது வடை இல்லை. காலில் சர்க்கரைப் புண். தினமும் கட்டு மாற்ற வேண்டும். துணிக்கட்டு, மருந்து, கையுறை எல்லாம் சேர்த்து மாதச் செலவு ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். அதைவிட முக்கியம், அந்தக் கட்டைப் பிரித்துப் பார்த்து, நிறம் மாறியிருக்கிறது, இன்றே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று சொல்ல ஓர் ஆள்.

அந்த ஆள் ஒருவர்தான் இருப்பார். இதுதான் பெரும்பாலான காப்பகங்களின் நிலைமை. நடுராத்திரியில் ஒருவருக்கு வலிப்பு வந்து 108 வந்தால், கேர்டேக்கர் வண்டியில் ஏறுவதா, உள்ளே தூங்கும் மற்றவர்களோடு இருப்பதா? வண்டியில் ஏறினால் கதவைப் பூட்டிவிட்டுப் போகவும் முடியாது, திறந்து போட்டுவிட்டுப் போகவும் முடியாது. கூட ஆள் இல்லாமல் அனுப்பினால் ஆஸ்பத்திரியில் பெயர் சொல்லக்கூட ஒருவர் இருக்க மாட்டார். இரண்டாவது ஆள் ஒருவர் இருந்தாலே இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். ஆனால் சம்பளத்துக்குப் பணம் கேட்டால் ஊரில் முகம் சுளிக்கிறார்கள். "சேவைக்குப் போய் சம்பளமா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். மலம் கழுவி, காயம் துடைத்து, கத்துகிறவரைச் சமாதானம் பண்ணி, விடியவிடிய உட்கார்ந்திருப்பவருக்கும் வீட்டு வாடகை உண்டு, பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் உண்டு.

உள்ளே இருப்பவர்கள் யார் என்று உங்கள் குழுவுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் வசூலுக்குப் போகிற இடத்தில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். எல்லோரும் பிச்சை எடுப்பவர்கள் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. கல்யாணச் சமையலுக்குக் கையாளாகப் போகிறவர்கள், மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் என்று வேலைக்குப் போய் வந்து படுக்க இடமில்லாதவர்களும் உண்டு. பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ மில் வேலைக்கு வந்து, கை இயந்திரத்தில் மாட்டி, ஊர் திரும்பக் கூச்சப்பட்டு பிளாட்பாரத்தில் தங்கிவிட்டவர்கள் உண்டு. ரயிலில் ஏறி எங்கோ இறங்கிவிட்ட, மனம் சரியில்லாத பெண்கள் உண்டு. அப்புறம், காட்டையும் வீட்டையும் மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்த அப்பாரும் ஆத்தாவும். இந்தக் கடைசி வகைதான் நம் பக்கத்தில் பேசவே கூசுகிற விஷயம். அவர்கள் ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டார்கள்; குடும்ப மானம் போய்விடும் என்று மகனைக் காப்பாற்றுவார்கள்.

அரசாங்கம் ஒன்றும் செய்வதில்லையா என்றும் கேட்பார்கள். 2013ல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த விதிப்படி, ஒரு லட்சம் பேர் வாழும் நகரப் பரப்புக்கு 100 பேர் தங்கும் நிரந்தர இடம் ஒன்று வேண்டும். ஆளுக்கு 50 சதுர அடி. வருடம் முழுக்க 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஈரோடு மாதிரி ஊருக்கே நான்கைந்து தேவை. கட்டடம் மாநகராட்சி கொடுக்க, நடத்துவது ஒரு தொண்டு நிறுவனமாக இருப்பதுதான் வழக்கம். அரசுப் பணம் வரத் தாமதமாகும் மாதங்களில் மளிகைக் கடையில் கடன் சொல்லிக்கொள்ளலாம். கேர்டேக்கரிடம் மூன்று மாதம் கடன் சொன்னால் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். அதனால்தான் சம்பளம், சம்பளம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சரி, எப்படிக் கேட்பது? "சம்பளத்துக்கு நன்கொடை" என்று கேட்டால் யாரும் தர மாட்டார்கள். கட்டளை என்று கேளுங்கள். கோயிலில் கட்டளைதாரர் என்றால் என்ன என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இன்ன நாள் பூஜை இன்ன குடும்பத்துடையது; தாத்தா காலத்தில் தொடங்கியதைப் பேரன் விடாமல் செய்வான். அதே முறையில் வருடத்தின் ஒவ்வொரு நாளையும் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

கணக்கு இப்படிப் போடலாம். மூன்று ஷிப்டுக்கு மூன்று பேர், வார விடுமுறைக்கு மாற்ற ஒருவர், ஆக நான்கு பேர். ஆளுக்கு மாதம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 60,000, வருடத்துக்கு 7,20,000. ஒரு நாள் கட்டளை 2,000 ரூபாய் என்று வைத்தால் 365 நாளுக்கு 7,30,000 வரும். மீதி 10,000 தீபாவளி போனஸுக்கு ஆகும். உங்கள் ஊரில் நடக்கும் சம்பளம் கூடக் குறைய இருந்தால் தொகையை மாற்றிக்கொள்ளுங்கள். சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே மட்டும் போய்விடாதீர்கள். நாற்பது பேரும் ஆளுக்கு ஒன்பது குடும்பத்தைப் பிடித்தால் 360 நாள் நிரம்பிவிடும். மிச்சம் ஐந்து நாளைக் குழுவே எடுத்துக்கொள்ளலாம். காப்பகத்தில் ஒரு வேளைச் சாப்பாடு போடுகிற செலவும் ஏறக்குறைய இவ்வளவுதான் என்பதால், அப்பாவின் திதிக்குச் சோறு கொண்டுவருகிறவரிடம் "இந்த வருசம் அந்த நாளின் காவல் உங்களுடையதாக இருக்கட்டும்" என்று கேட்பது எளிது.

வள்ளலார் 1867ல் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கியபோது ஒரு நாள் விருந்தாக அதை வைக்கவில்லை. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. கொங்கு ஊர்களில் சன்மார்க்க அன்பர்கள் அதே முறையில் தினமும் கஞ்சி ஊற்றும் இடங்கள் இருக்கின்றன. உங்கள் ஊரில் அப்படி ஒரு சங்கம் இருந்தால், கட்டளை பற்றி முதலில் அவர்களிடம் பேசுங்கள்.

கேட்பதற்கு நல்ல காலம் மார்கழி. விடியற்காலையில் பஜனை பாடிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும்போது கதவு திறந்தே இருக்கும். காலண்டர் போல 365 கட்டம் போட்ட ஒரு பெரிய அட்டையைக் கையில் கொண்டுபோங்கள். "எங்க அமுச்சி (பாட்டி) செத்த நாள் எது?" என்று வீட்டுக்குள்ளேயே பேசி முடிவெடுத்து, அவர்களே கையால் பெயர் எழுதட்டும். தாங்களாக எழுதிய பெயருக்குப் பணம் தவறுவது குறைவு. ஆனால் ஒன்று. பழனி ஆண்டவருக்கென்று மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருக்கும் காசை எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது சாமிக்கு நேர்ந்தது. அதில் கை வைத்ததாக ஒரு பேச்சு வந்தால் குழுவின் பெயரே கெட்டுவிடும். அதே மாதிரி, அறநிலையத் துறைக் கோயில் வாசலில் கோயில் பெயரைச் சொல்லி வசூலிக்கவே கூடாது. உங்கள் குழுவின் பெயரில், காப்பகத்தின் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

பொருளாகத் தருகிறவர்களும் வருவார்கள். நம் பக்கத்தின் பலமே அதுதான். சென்னிமலைப் போர்வை, பவானி ஜமுக்காளம், கரூர்த் துண்டு, திருப்பூர் பனியன் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பழைய துணி வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லுங்கள். மூட்டை மூட்டையாகச் சரிகைப் புடவையும் கிழிந்த பேண்ட்டும் வந்து அறையை அடைத்துக்கொள்ளும். தேவைப்படுவது புது உள்ளாடை, கைலி, நைட்டி, பெரியவர்களுக்கான டயப்பர், சோப்பு, ரப்பர் விரிப்பு. எக்ஸ்போர்ட் கம்பெனியில் தெரிந்தவர் இருந்தால் சின்னக் குறையால் ஒதுக்கிய செகண்ட்ஸ் உள்ளாடை கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு அது கிடங்கில் கிடக்கும் சரக்கு, உள்ளே இருப்பவருக்கு அது மானம்.

பள்ளிவாசல், சர்ச் ஆட்களைச் சேர்க்கலாமா என்றால், கட்டாயம் சேருங்கள் என்பேன். ஆனால் ஒரே உண்டியலாக ஆக்காதீர்கள். ஒவ்வொருவரும் அவரவர் முறையில் திரட்டி ஒரே கணக்கில் போடட்டும். ஜமாஅத்தில் போய் ஜகாத் என்னும் கடமையான தர்மத்தைக் கேட்காதீர்கள். அதற்கு யாருக்குப் போக வேண்டும், எப்படிச் சேர வேண்டும் என்று கறாரான விதிகள் இருக்கின்றன. சம்பளத்துக்குக் கொடுப்பது அவர்களுக்குச் சங்கடம். சதக்கா, அதாவது விருப்பப்பட்டுக் கொடுக்கும் தர்மம் என்று கேளுங்கள், மனமுவந்து தருவார்கள். ரமலான் மாதத்து நோன்புக் கஞ்சியில் ஒரு பங்கும் வரும். சி.எஸ்.ஐ. சபைகளில் அறுப்பின் பண்டிகை அன்று பூசணிக்காய், வாழைத்தார், கோழி எல்லாம் கொண்டுவந்து ஏலம் விடுவார்கள்; ஒரு வாழைத்தார் கடை விலையைப் போலப் பல மடங்குக்குப் போகும். அந்த ஏலத்தில் ஒரு பொருளை மட்டும் காப்பகத்துக்கென்று ஒதுக்கச் சொல்லிப் போதகரிடம் கேட்கலாம். தவக்காலத்தில் வீட்டுக்கு ஒரு சேமிப்பு டப்பா வைப்பதும் அவர்களுக்குப் பழக்கம்தான்.

எல்லோரும் சேர்ந்து முதல் நாளே ஓர் ஒப்பந்தத்துக்கு வந்துவிடுங்கள். காப்பகத்துக்குள் மதப் பேச்சு இல்லை. சாப்பாட்டுக்கு முன்னால் பஜனை பாடச் சொல்வதோ, ஜெபம் பண்ணச் சொல்வதோ, திருநீறு பூசிவிடுவதோ கூடாது. அவர்களாகக் கேட்டால் வேறு. பக்தியோடு வருகிறவர்களிடம் இதைச் சொல்வது கஷ்டம், எனக்குத் தெரியும். ஆனால் படுக்க இடம் கொடுத்தவர் சொல்வதற்கு மறுப்புச் சொல்ல உள்ளே இருப்பவரால் முடியாது. போட்டோ விஷயமும் அப்படித்தான். தட்டை நீட்டும்போது எடுத்த ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றி, அடி தாங்காமல் ஓடிவந்த பெண்ணைப் புருஷன் தேடி வந்து வாசலில் நின்றால் யார் பொறுப்பு? மூட்டையை எடுங்கள், கணக்கு அட்டையை எடுங்கள், முகங்களை எடுக்காதீர்கள். வாசலில் ஒரு கரும்பலகை வைத்து "இன்றைய கட்டளை" என்று குடும்பத்தின் பெயரைச் சாக்பீஸில் எழுதலாம். அது தினமும் அழிந்து புதுப் பெயர் வரும், கொடுத்தவருக்கும் மனம் நிறையும்.

பணம் கையாள்வதில் கவனமாக இருங்கள். குழுத் தலைவரின் ஜிபே நம்பருக்கு வாங்கவே வேண்டாம். எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அவர் வீட்டுப் பணமும் காப்பகப் பணமும் ஒரே கணக்கில் கலந்தால் ஒரு வருடம் கழித்துப் பிரித்துக் காட்ட முடியாது. காப்பகத்தை நடத்தும் ட்ரஸ்ட்டின் வங்கிக் கணக்குக்கான க்யூஆர் அட்டையை வாங்கி, அதையே வீடுவீடாகக் கொண்டுபோங்கள். ரொக்கமாகத் தருகிறவருக்கு ட்ரஸ்ட்டின் வரிசை எண் போட்ட ரசீது. இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்து. அடுத்த வேலை நாளில் வங்கியில் கட்டுவது. இவ்வளவு போதும்.

80ஜி என்று எல்லோரும் சொல்லும் வரிச்சலுகையைப் பற்றிக் கடைக்காரர்கள் கேட்பார்கள். ட்ரஸ்ட்டுக்கு அந்தப் பதிவு இருக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கும் கிடையாது. சலுகை வேண்டும் என்பவரிடம் பான் எண்ணை அப்போதே வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மார்ச் மாதம் அலைய வேண்டிவரும். சிங்கப்பூரில், அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் அனுப்புவதாகச் சொன்னால், என்ன பாஸ்போர்ட் என்று கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் என்றால், நம் ஊர்க்காரரே ஆனாலும் அது வெளிநாட்டு நன்கொடை. 2010ம் ஆண்டுச் சட்டப்படி உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாத ட்ரஸ்ட் அதை வாங்கக் கூடாது. ஊருக்கு வரும்போது அவர்கள் பனியனோ போர்வையோ வாங்கிக் கொடுத்தாலும் பதிவு உள்ள ட்ரஸ்ட்டா என்று ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கொடுப்பதற்கு முன்னால் காப்பகத்தையும் பாருங்கள். பகலில் சொல்லிவிட்டுப் போனால் எல்லா இடமும் சுத்தமாகத்தான் இருக்கும். நிர்வாகியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ராத்திரி ஒன்பது மணிக்கு இரண்டு பேர் மட்டும் போங்கள். கழிப்பறையைப் பாருங்கள், கேர்டேக்கரிடம் போன மாதச் சம்பளம் எந்தத் தேதியில் வந்தது என்று கேளுங்கள், வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். உள்ளே வந்தவர்களில் எத்தனை பேருக்கு ஆதார் எடுத்துக் கொடுத்தார்கள் என்று கேட்பது நல்ல கேள்வி. அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் கொடுக்கும் சான்றிதழை வைத்தே ஆதார் எடுக்கலாம். ஆதார் வந்தால்தான் முதியோர் உதவித்தொகையோ மருத்துவக் காப்பீடோ கிடைக்க வழி பிறக்கும். இதை ஒரு காப்பகம் செய்கிறதென்றால் அங்கே யாரோ அக்கறையோடு உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம்.

பணம் தவிர, நாற்பது பேர் இருக்கும் குழுவால்தான் முடிகிற வேலைகள் சில உண்டு. நினைவு திரும்பி ஊர் சொல்கிறவரை அழைத்துக்கொண்டு ஒருவர் பஸ் ஏற வேண்டும். போன் பண்ணினால் வைத்துவிடும் மகன், வீட்டு வாசலில் ஊர்ப் பெரியவரோடு போய் நின்றால் பேசுவான். எல்லா இடத்திலும் இல்லை, சில இடத்தில். ஆஸ்பத்திரி வார்டில் கூட இருக்க ஆள் வேண்டும். உள்ளே ஒருவர் இறந்துபோனால், போலீஸ் காகிதமெல்லாம் முடிந்தபின் தூக்க நான்கு பேர் வேண்டும். இந்து என்றால் கொள்ளி வைக்க, முஸ்லிம் என்றால் ஜனாஸா தொழுகைக்கு, கிறிஸ்தவர் என்றால் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்க, அந்தந்தச் சமயத்து ஆள் முன்வர வேண்டும். மூன்று தரப்பும் ஒன்றாக இருப்பதன் முழுப் பயன் அன்றைக்குத்தான் தெரியும். ஒரு வாட்ஸ்அப் குழுவில் தரப்புக்கு ஐந்து பேர் எண்ணைப் போட்டுக் கேர்டேக்கரையும் சேர்த்து வையுங்கள்.

நடந்து போகும்போதும் உங்கள் கண்ணில் படுவார்கள். அறச்சலூர், காங்கேயம், தாராபுரம் வழியில் அன்னதானப் பந்தலுக்குப் பந்தல் நகர்ந்துகொண்டே போகிற, சடை விழுந்த, தனக்குத்தானே பேசுகிற ஆட்களைப் பார்த்திருப்பீர்கள். நீங்களாக வண்டியில் ஏற்றிக் காப்பகத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். 2017ம் ஆண்டு மனநலச் சட்டப்படி, அப்படித் திரிகிறவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டியது போலீசின் கடமை. பக்கத்து ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கள், அவர்கள் வரும்வரை இருவர் கூட நில்லுங்கள். ஆதரவில்லாத முதியவர் என்றால் 14567, குழந்தை என்றால் 1098, பெண் என்றால் 181. இந்த மூன்று எண்களையும் குழுவின் பதாகைக்குப் பின்பக்கம் எழுதி வைத்துவிட்டால் வழியில் யாரும் தேட வேண்டியதில்லை.

ஐப்பசிக்குள் காப்பகத்தைப் பார்த்து முடித்து, கார்த்திகையில் ரசீதுப் புத்தகமும் க்யூஆர் அட்டையும் வாங்கி, மார்கழி ஒன்றாம் தேதி அட்டையோடு கிளம்பினால் சரியாக இருக்கும். தைப்பூசம் முடிந்து திரும்பியதும் மாலையைக் கழற்றிவிட்டு ஆளாளுக்கு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள் என்பதால், யாத்திரை கிளம்பும் முன்பே ஊரில் தங்குகிற மூன்று பேரிடம், முடிந்தால் அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும், அட்டையை ஒப்படைத்துவிடுங்கள். ஒவ்வொரு கட்டளை நாளுக்கும் ஒரு வாரம் முன்னால் அந்தக் குடும்பத்துக்குப் போன் பண்ணுவது அவர்கள் வேலை. பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியிலிருந்து தீர்த்தக் காவடி கிளம்பும் சமயத்தில் எத்தனை கட்டம் நிரம்பியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 365ம் நிரம்ப வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். 200 நாள் நிரம்பினால் 4,00,000 ரூபாய். இரண்டு பேரின் ஒரு வருடச் சம்பளத்துக்கு அது போதும், அந்த மாதமே இரவு ஷிப்டுக்கு ஆள் எடுக்கச் சொல்லிவிடலாம்.